நோவைப் பார்ப்பது வேறு, பொறுப்பது வேறு

"வலி எவ்வளவு இருக்கிறது, பத்துக்குச் சொல்லுங்கள்" என்று மருத்துவமனையில் கேட்கிறார்கள். பூஜ்யம் என்றால் வலியே இல்லை; பத்து என்றால் இதற்குமேல் ஒரு வலி இருக்க முடியாது. உலகெங்கும் வலி பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த அளவுகோலை நம்பித்தான் நடக்கின்றன. காவிரிப் பாசனப் பகுதியில் நாற்பது வருஷம் நடவு நட்ட ஒரு பெண்ணிடம் இதே கேள்வியைக் கேட்டால் பதிலாக எண் வராது. "இடுப்பு குடையுதுங்க. தொடைக்குக் கீழ சுண்டி இழுக்குது. முட்டி கடுக்குது. ராத்திரியானா பாதம் மதமதன்னு கெடக்கு" என்று வரும். கேட்டவர் ஏழு என்றோ எட்டு என்றோ எழுதிக்கொள்வார். நான்கு இடங்களின் நான்கு விதமான உணர்வுகள் சீட்டில் ஒற்றை எண்ணாகிவிடும்.

அந்தப் பதிலில் உள்ள நான்கு சொற்களும் ஒன்றுக்கொன்று மாற்றாக வராதவை. குடைச்சல் எலும்புக்குள்ளிருந்து துளைப்பது. கடுப்பு நெடுநேரம் நின்றோ குனிந்தோ இருந்த உறுப்பு இறுகிப்போவது. சுண்டுவது நரம்பின் வழியே ஓடி மறைவது. மதமதப்பு வலியின் எல்லைக்கு அப்பால் உணர்ச்சி மங்குவது. இவை தவிர எரிச்சல், பிடிப்பு, இசிவு, தெறிப்பு, குத்தல் உண்டு. உளைச்சலும் உண்டு, காலுக்குச் சொல்லிவந்த சொல்லை இன்று மனத்துக்கே அதிகம் சொல்கிறோம். வலியின் வகைகளை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துவைத்திருக்கும் மொழியில் இருந்துகொண்டு, வலியை எப்படிக் கவனிப்பது என்று அமெரிக்காவிலிருந்து கற்கப்போகிறோம் என்பது முதலில் விசித்திரமாகத் தோன்றலாம். கற்கத்தான் வேண்டும். ஆனால் எதைக் கற்கிறோம், அதில் எது ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது, எது இல்லை என்பதைப் பிரித்தறியாமல் கற்றால் அது நம் பெண்களுக்குத் தீங்காகவும் முடியும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

நடவு நடும் உடலிலிருந்து தொடங்கலாம். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். தண்ணீர் கடைமடை வரை வந்து சேர, குறுவை. பிறகு சம்பா, தாளடி. நடவில் ஆள் பின்னோக்கி நகர வேண்டும். இடது கையில் நாற்று முடி, வலது கை இரண்டு மூன்று நாற்றைப் பிரித்துச் சேற்றில் ஊன்றும். கால் முழங்கால்வரை சேற்றில் இருக்க, இடுப்பு மட்டும் மடிந்து, தலை தாழ்ந்து, மணிக்கணக்கில் அதே நிலை. நிமிர்ந்தால் வரிசை பின்தங்கும். நடவு முடிந்தால் களையெடுப்பு, அதுவும் குனிந்தே. இந்த இரண்டு வேலையும் காலங்காலமாகப் பெண்களுடையவை. பெரும்பாலும் நிலமற்ற தலித் பெண்களுடையவை. இப்போது நடவு இயந்திரம் வந்திருக்கிறது, மேற்கு வங்கத்திலிருந்து நடவு ஆட்களும் வருகிறார்கள். ஆனால் இன்று ஐம்பது, அறுபது வயதில் இருப்பவர்களின் இடுப்பு இயந்திரம் வருவதற்கு முன்பே தேய்ந்துவிட்டது.

அந்த இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம், நொச்சி, தைலம் எல்லாம் ஆன பிறகு கடைசியில் மருந்துக்கடைதான். "உடம்பு வலிக்கு ஒரு செட் கொடுங்க" என்றால் உதிரியாக மூன்று நான்கு மாத்திரைகள் காகிதத்தில் மடித்துக் கிடைக்கும். அந்த மடிப்பில் பெரும்பாலும் இருப்பவை பாராசிட்டமால், டைக்ளோபெனாக் அல்லது அசிக்ளோபெனாக், கூடவே வயிற்றுக்கு ஒன்று. இவற்றுக்கும் ஓபியாய்டு எனப்படும் மருந்துகளுக்கும் தொடர்பில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், வலிமாத்திரை என்றாலே போதை என்று இன்று பரவியிருக்கும் அச்சம். டைக்ளோபெனாக் வகை மருந்துகள் பழக்க அடிமைத்தனம் உண்டாக்குவதில்லை. அவற்றின் கேடு வேறு. வெயிலில் வியர்த்து, தண்ணீர் போதாமல் வேலை செய்யும் உடலில் அவை வருஷக்கணக்கில் இறங்கினால் சிறுநீரகமும் இரைப்பையும் பழுதாகும்.

ஓபியாய்டு என்பது அபினிலிருந்து பிரிக்கப்பட்ட மருந்துகளுக்கும், அபினைப் போலவே மூளையிலும் தண்டுவடத்திலும் செயல்படும்படி ஆய்வகத்தில் ஆக்கிய மருந்துகளுக்கும் பொதுப்பெயர். மார்பின், கோடீன், பென்டனில், டிரமடால், டேபென்டடால் எல்லாம் அந்தக் குடும்பம். சாதாரண மாத்திரை கேட்காத முதுகுவலிக்கு எலும்பு மருத்துவரின் சீட்டில் டிரமடால் வரும், தனியாகவோ பாராசிட்டமாலோடு சேர்த்தோ. அறுவைக்குப் பிந்தைய சில நாட்களுக்கு இது நல்ல மருந்து. சிக்கல் அது மாதங்களாக நீளும்போது வருகிறது. உடல் பழகிவிடுகிறது, அதே நிவாரணத்துக்குக் கூடுதல் அளவு கேட்கிறது. நீண்ட நாள் எடுப்பவர்களில் சிலருக்கு வலியுணர்வே கூர்மையாகிவிடுவதும் உண்டு, மருந்தே வலியை வளர்ப்பதுபோல. ஒரு வேளை தவறினால் கொட்டாவி, கண்ணில் நீர், உடம்பெல்லாம் முறிப்பு, வயிற்றுப்போக்கு. இந்த முறிப்பைப் பழைய நோவே திரும்பி வந்ததாக நினைத்து அடுத்த மாத்திரையை எடுக்கிறார் நோயாளி. இங்கேதான் சுழல் தொடங்குகிறது.

இவ்வளவு விலை கொடுத்து எடுப்பதால் பலன் உண்டா என்று கேட்ட ஆய்வு ஒன்று 2018இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. எரின் கிரெப்ஸ் தலைமையில், நாள்பட்ட முதுகுவலி அல்லது இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மான வலி உள்ள 240 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஓபியாய்டும் மற்றதற்கு ஓபியாய்டு அல்லாத மருந்துகளும் 12 மாதம் கொடுத்தார்கள். அன்றாட வேலை செய்யும் திறனில் இரு பிரிவுக்கும் வேறுபாடில்லை. வலியின் அளவில் ஓபியாய்டு எடுக்காதவர்களே சற்று மேலாக இருந்தார்கள். பக்கவிளைவு ஓபியாய்டு பிரிவில்தான் அதிகம். நடவு நட்ட இடுப்புக்கும் முட்டிக்கும் இந்த முடிவு நேராகவே பொருந்தும்.

இந்தியாவில் டிரமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதற்குப் பின் டேபென்டடால் தலையெடுத்தது. தமிழகத்தின் பல ஊர்களில் இளைஞர்கள் அந்த மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் செய்திகளை நாளிதழ் படிப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். மத்திய அரசுக்காக எய்ம்ஸின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வு, ஏதாவதொரு ஓபியாய்டைப் பயன்படுத்துவோர் 10 முதல் 75 வயது வரையிலான மக்களில் 2.06 சதவீதம் என்றது. மருந்துக்கடைச் சரக்கான ஓபியாய்டு மட்டும் ஏறக்குறைய 1 சதவீதம்.

இதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். 1985இல் வந்த போதைப்பொருள் சட்டம் கடுமையான தண்டனைகளோடும் அடுக்கடுக்கான உரிமங்களோடும் வந்தது. மருத்துவமனைகள் மார்பின் வைத்திருக்கவே அஞ்சின. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்பின் பயன்பாடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. அபினைச் சட்டப்படி பயிரிட்டு உலகுக்கு ஏற்றுமதி செய்துவந்த நாட்டில் புற்றுநோயாளிகள் அலறிக்கொண்டே இறந்தார்கள். கோழிக்கோட்டில் 1993இல் வலி தணிப்புச் சங்கத்தைத் தோழர்களோடு தொடங்கிய மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரைப் போன்றவர்களும் பல ஆண்டுகள் போராடிய பிறகு 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. பல உரிமங்களுக்குப் பதில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும் என்றானது. ஆனாலும் 2017இல் லான்செட் இதழின் ஆணையம் கணக்கிட்டபோது, இந்தியாவின் தேவையில் 4 சதவீத அளவுக்கே ஓபியாய்டு கிடைத்துக்கொண்டிருந்தது.

ஆகவே நம் மண்ணில் இரண்டு கொடுமையும் ஒன்றாக நடக்கின்றன. கடைசி மாதங்களில் மார்பின் வேண்டியவருக்கு அது கிடைப்பதில்லை. வேண்டாதவருக்கு அதன் உறவுக்கார மாத்திரை தெருமுனையில் கிடைக்கிறது. அமெரிக்காவின் கதை வேறு. அங்கே மருத்துவர்களே ஓபியாய்டைக் கொட்டிக் கொடுத்தார்கள், பிறகு அஞ்சிப் பிடுங்கினார்கள். அந்தப் பின்னணியில் வளர்ந்த மாற்றுச் சிகிச்சைகளை இங்கே கொண்டுவரும்போது, புற்றுநோயாளியிடம் போய் "மார்பின் எதற்கு, மூச்சைக் கவனி" என்று சொல்லும் அபாயம் இருக்கிறது. அப்படிச் சொல்பவர் யாராக இருந்தாலும் அது கொடுமை. இனி நான் சொல்லப்போவதெல்லாம் புற்றுநோய் அல்லாத, ஆண்டுக்கணக்கில் நீளும் வலியைப் பற்றி மட்டுமே.

அந்த மாற்றுச் சிகிச்சைகளுள் இன்று அதிகம் ஆராயப்படுவது மைண்ட்ஃபுல்னெஸ். தமிழில் விழிப்புநிலைப் பயிற்சி என்று சொல்லிக்கொள்ளலாம். இதன் வேரில் ஒரு மார்பின் ஊசி இருக்கிறது என்பது பலருக்கும் தெரியாது. பர்மாவின் மாண்டலேயில் 1924இல் பிறந்த வணிகர் சத்ய நாராயண கோயங்காவுக்குக் கொடிய ஒற்றைத் தலைவலி. மார்பின் ஊசி போட்டால்தான் அடங்கும். இப்படியே போனால் மார்பினுக்கு அடிமையாகிவிடுவீர்கள் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். வெளிநாடுகளுக்கெல்லாம் போய்ப் பார்த்தும் தீரவில்லை. 1955இல் ரங்கூனில், பர்மா அரசின் தலைமைக் கணக்காயராக இருந்துகொண்டே தியானம் கற்பித்துவந்த ஊ பா கின்னிடம் போனார். தலைவலிக்கு மருந்தாக வருவதானால் வராதே என்று அவர் திருப்பி அனுப்பப் பார்த்தார். மனத்தைத் தூய்மைப்படுத்த வா, தலைவலி போனால் அது கூடுதல் பலன் என்றார். பிறகு கோயங்கா 1969இல் இந்தியா வந்து விபஸ்ஸனா என்ற அந்தத் தியானத்தைப் பரப்பியதும், இகத்புரியில் மையம் அமைத்ததும் நாம் அறிந்தவை. அதே ஊ பா கின் மரபிலிருந்து, உடலை உச்சி முதல் உள்ளங்கால் வரை கவனத்தால் தடவிச் செல்லும் முறையை அமெரிக்காவின் ஜான் கபாட்-ஜின் எடுத்துக்கொண்டார். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், மற்ற மருத்துவர்கள் கைவிட்ட வலி நோயாளிகளுக்கு அதைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். 51 நாள்பட்ட வலி நோயாளிகளைப் பற்றிய அவருடைய முதல் அறிக்கை 1982இல் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய ஆய்வுதான். ஆனால் வாசல் அங்கேதான் திறந்தது.

இந்தப் பௌத்த மரபுக்கும் சோழநாட்டுக்கும் உள்ள உறவு ஓர் ஆயிரமாண்டுக்கும் மேல் பழையது. உறையூர்க்காரரான பௌத்தத் துறவி புத்ததத்தர், காவிரிக்கரைப் பூதமங்கலத்து விகாரையில் இருந்துதான் பாலியில் விநயவினிச்சயம் என்ற நூலை எழுதினார். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு முதலாம் ராஜராஜன் 1006ஆம் ஆண்டளவில் ஆனைமங்கலத்தைக் கொடையாகக் கொடுத்தான். அந்தச் செப்பேடு இன்று லெய்டன் செப்பேடு எனப்படுகிறது. 1856 தொடங்கி நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து ஏறத்தாழ 350 புத்தச் செப்புத்திருமேனிகள் வெளிவந்தன. பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு சொல்லுக்காகச் சொல்கிறேன். பௌத்தத் தியானத்தில் கவனிக்க வேண்டிய நான்கு தளங்களில் உடலுக்கு அடுத்தது வேதனா. பாலியில் அது வெறும் உணர்வு: இன்பமானது, துன்பமானது, இரண்டும் அல்லாதது என்று மூவகை. தமிழுக்கு வந்து தங்கிய வேதனை துன்பத்தை மட்டும் குறிக்கிறது. மற்ற இரண்டும் எங்கோ நழுவிவிட்டன. சம்யுத்த நிகாயத்தில் அம்பைப் பற்றிய சூத்திரம் ஒன்று உண்டு. உடலில் தைத்த முதல் அம்பு நோவு. அதை எதிர்த்தும் அஞ்சியும் புலம்பியும் மனம் தனக்குத் தானே எய்துகொள்வது இரண்டாம் அம்பு. பயிற்சி பெற்றவனுக்கு முதல் அம்பு மட்டுமே என்பது அதன் கருத்து. இன்றைய வலி மருத்துவம் இந்தப் பிரிவினையைத்தான் வேறு சொற்களில் சொல்கிறது.

ஓபியாய்டு எடுப்பவர்களுக்கென்றே விழிப்புநிலைப் பயிற்சியை வடிவமைத்தவர் யூட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எரிக் கார்லண்ட். எட்டு வாரம், வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம், குழுவாக. இதில் மூன்று கூறுகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

முதலாவது, வலியை உடைத்துப் பார்ப்பது. "வலி" என்ற ஒற்றைக் கட்டியை விட்டுவிட்டு, அந்த இடத்தில் இருப்பது சூடா, இறுக்கமா, ஊர்வா, துடிப்பா என்று பார்க்கச் சொல்கிறார்கள். அதன் ஓரம் எங்கே முடிகிறது? நடுவில் வலியில்லாத திட்டு ஏதும் இருக்கிறதா? இப்படிப் பார்க்கும்போது, ஒரே பாறையாக நின்றது மாறிக்கொண்டே இருக்கும் பல உணர்வுகளாகச் சிதறுகிறது என்கிறார்கள். இந்தக் கட்டுரையை ஏன் குடைச்சல், கடுப்பு, மதமதப்பில் தொடங்கினேன் என்பது இப்போது விளங்கும். அமெரிக்க நோயாளிக்கு வாரக்கணக்கில் கற்றுத்தர வேண்டிய முதல் பாடம் நம் பெண்களின் நாக்கிலேயே இருக்கிறது. மருத்துவமனையின் எண் அளவுகோல்தான் அதை அவர்களிடமிருந்து பிடுங்குகிறது.

இரண்டாவது, மாத்திரைக்கு முன் மூன்று நிமிடம். மாத்திரை எடுக்கும் நேரம் வந்ததும் மூன்று நிமிடம் மூச்சைக் கவனித்துவிட்டு, கை இப்போது மாத்திரைக்குப் போவது வலிக்காகவா, பழக்கத்துக்காகவா, மனக்கவலைக்காகவா என்று தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எடுக்காதே என்று யாரும் சொல்வதில்லை. வலிக்காகத்தான் என்றால் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இந்தப் பயிற்சியில் மிகவும் பிடித்த பகுதி இது. நோயாளியைக் குற்றவாளியாக்காமல் அவர் கையிலேயே தராசைக் கொடுக்கிறது.

மூன்றாவது, இன்பத்தைக் கவனிப்பது. நெடுநாள் ஓபியாய்டு எடுத்த மூளைக்குச் சாதாரண சந்தோஷங்கள் மங்கிவிடுகின்றன. சாப்பாடு, பேரப்பிள்ளை, மாலைவெயில் எதுவும் ருசிப்பதில்லை. மாத்திரை ஒன்றே ருசிக்கிறது. அதனால் ஒரு நல்ல காட்சியையோ சுவையையோ நின்று, நிதானமாக, புலன் புலனாக வாங்கிக்கொள்ளப் பழக்குகிறார்கள். பாலி வேதனாவின் தொலைந்துபோன முதல் வகையை மீட்பது என்று இதைச் சொல்வேன். காவிரிக்கரையில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. வறண்டு கிடந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக உருண்டு வரும்போது ஊரே கரையில் நின்று பார்ப்பதும், ஆடிப்பெருக்கன்று சித்ரான்னம் கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போவதும் இதைத்தவிர வேறென்ன?

கார்லண்டின் பெரிய ஆய்வு 2022இல் வெளியானது. நாள்பட்ட வலிக்கு ஓபியாய்டு எடுத்து, அதைத் தவறாகவும் பயன்படுத்திக்கொண்டிருந்த 250 பேர். பாதிப்பேருக்கு இந்தப் பயிற்சி. மீதிப்பேர் மனநல ஆலோசகர் ஒருவரோடு குழுவாக உட்கார்ந்து தங்கள் பாடுகளைப் பேசினார்கள். ஒன்பதாம் மாதத்தில் மீண்டும் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களில் 45 சதவீதம் பேர் தவறான பயன்பாட்டை விட்டிருந்தார்கள், பேச்சுக்குழுவில் 24.4 சதவீதம். கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இந்த எண்களில் இருக்கிறது. ஒன்பதாம் மாதம் வரை தொடர்ந்து வந்தவர்கள் இரு குழுவிலும் சேர்த்து 158 பேர்தான். ஒன்றாக உட்கார்ந்து பேசியவர்களிலும் நாலில் ஒருவர் விடுபட்டார் என்பதையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஃபாடெல் சைடனின் 2016ஆம் ஆண்டுச் சோதனை ஒரு நல்ல துப்பு. நம் உடலே அபின் போன்ற பொருள்களைச் சுரக்கிறது. மருந்தில்லா நிவாரணங்கள் சில அவற்றால்தான் வேலை செய்கின்றன. தியானமும் அப்படித்தானா? 78 ஆரோக்கியமானவர்களின் தோலில் 49 டிகிரி சூட்டை வைத்து, சிலருக்கு ஓபியாய்டின் வேலையை முழுதாகத் தடுக்கும் நலாக்சோன் மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். தியானம் பழகியவர்களுக்கு அப்போதும் வலி குறைந்தது. அதாவது அந்த நிவாரணம் ஓபியாய்டின் பாதையில் வரவில்லை. டிரமடாலுக்குப் பழகி அந்தப் பாதை தேய்ந்துபோனவருக்கும் இன்னொரு பாதை திறந்திருக்கக்கூடும் என்ற நம்பிக்கைக்கு இது இடம் தருகிறது. சோதனையில் இருந்தவர்கள் நோயாளிகள் அல்லர் என்பதால் நம்பிக்கை என்றே சொல்கிறேன்.

2025இல் அலெக்ஸாண்ட்ரா ஜியெர்ஸ்காவின் குழு இன்னும் பெரிய ஆய்வை வெளியிட்டது. கீழ்முதுகு வலிக்கு ஓபியாய்டு எடுக்கும் 770 பேர், பன்னிரண்டு மாதக் கண்காணிப்பு. ஒரு பாதிக்கு விழிப்புநிலைப் பயிற்சி, மறுபாதிக்கு எண்ணங்களையும் நடத்தையையும் திருத்தும் உளவியல் சிகிச்சை. இரண்டு குழுவிலும் வலி ஓரளவு குறைந்தது, அன்றாடத் திறன் கூடியது, ஓபியாய்டு அளவும் குறைந்தது. எது மேல் என்றால், இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. எந்தப் பயிற்சியும் பெறாத மூன்றாவது குழு இந்த ஆய்வில் இல்லாததால், முன்னேற்றத்தில் எவ்வளவு பங்கு பயிற்சியுடையது, எவ்வளவு காலத்துடையது என்று பிரிக்க முடியாது. அந்தக் குறையை 2016இல் சியாட்டிலில் 342 பேரிடம் நடந்த முந்தைய ஆய்வு ஓரளவு ஈடுசெய்கிறது. அங்கே 26 வாரத்தில் குறிப்பிடத்தக்க அளவு செயல்திறன் மேம்பட்டவர்கள், விழிப்புநிலைப் பயிற்சியில் 60.5 சதவீதம், உளவியல் சிகிச்சையில் 57.7, வழக்கமான மருத்துவத்தில் 44.1. பெரிய அற்புதம் ஏதுமில்லை. ஆறில் ஒருவருக்குக் கூடுதல் பலன். நாள்பட்ட முதுகுவலியில் அது சிறிய விஷயமும் இல்லை.

இனி என் மனத்தை உறுத்துவதைச் சொல்கிறேன். நம் பெண்களுக்குப் பிறந்தது முதல் கற்றுத்தரப்படும் வலி சிகிச்சை ஒன்று உண்டு. பொறுத்துக்கோ. மாதவிலக்கில் பொறுத்துக்கோ, பிரசவத்தில் பல்லைக் கடித்துக்கோ, நடவில் இன்னும் இரண்டு குழிதான், முடித்துவிடு. பொறுமைசாலி என்ற பட்டத்துக்காக வலியைச் சொல்லாமலே விழுங்கிய அம்மாக்களின் பிள்ளைகள் நாம். இந்தச் சூழலில் ஒருவர் வந்து வலியை எதிர்க்காதீர்கள், அதோடு இருங்கள் என்று சொன்னால் கேட்கும் பெண்ணின் காதில் அது பழைய பாட்டாகவே விழும். பண்ணையாரின் குரல் தியான ஆசிரியரின் வாயிலிருந்து வருவதாகவே அவர் எண்ணுவார், எண்ணுவதில் நியாயமும் இருக்கிறது.

ஆனால் பொறுப்பதும் பார்ப்பதும் எதிரெதிரானவை. பொறுப்பவர் வலியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தசையை இறுக்கி, மூச்சைப் பிடித்து, அது இல்லாததுபோல் நடக்கிறார். இறுக்கிய தசை தன் பங்குக்கு வலியைக் கூட்டுகிறது. பார்ப்பவர் முகத்தை வலியின் பக்கம் திருப்புகிறார். எங்கே, எப்படி, எப்போது கூடுகிறது, எப்போது தணிகிறது என்று தெரிந்துகொள்கிறார். தெரிந்ததும் நிமிர்ந்து ஐந்து நிமிடம் நிற்கக் கேட்பார். களைக்கு நீண்ட பிடி வைத்த கருவி கேட்பார். இந்தக் கால் மதமதப்பு புதிது, ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் சண்டை போடுவார். பொறுமை வாயை அடைக்கிறது. கவனம் வாயைத் திறக்கிறது. பயிற்றுவிப்பவர் இந்த வேறுபாட்டை முதல் நாளே, முதல் வாக்கியத்திலேயே சொல்லாவிட்டால் இந்தப் பயிற்சி நம் வயல்களுக்கு வராமல் இருப்பதே நல்லது.

நடவுப் பாட்டும் குலவையும் இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை. அவை கவனத்தை இடுப்பிலிருந்து தாளத்துக்குக் கொண்டுபோகின்றன. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும்போது மூச்சு ஒழுங்காகிறது, கை ஒன்றாக இறங்குகிறது. அன்றைய வலிக்கு அது நல்ல மருந்தாகவே இருந்தது. முப்பது வருஷத்து வலிக்கு அது போதாது என்பதோடு, பாட்டும் இப்போது வயலில் அருகிவிட்டது.

இங்கே எப்படித் தொடங்கலாம்? புதிய கட்டடமோ வெளியூர் குருவோ தேவையில்லை. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இன்று எல்லாக் கிராமத்திலும் இருக்கின்றன. ஒன்றாக உட்கார்ந்து பேசும் பழக்கம் அங்கே வேரூன்றியிருக்கிறது. பேச்சுக்குழுவிலும் நாலில் ஒருவர் விடுபட்டதைப் பார்த்தோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்கே வருகிறார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கும் அந்த வருகையில், வேறு என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பதே முதல் வேலை. டிரமடாலோ டேபென்டடாலோ இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லக் கூடாது. திடீரென நிறுத்துவது ஆபத்து. மருத்துவர் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைக்க வேண்டும். இருப்பது டைக்ளோபெனாக் என்றால் சிறுநீரகப் பரிசோதனை.

பயிற்சியின் உள்ளடக்கத்துக்கும் நம் ஊரில் ஆதாரம் உண்டு. வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றங்கள் தமிழகத்தின் சிற்றூர்கள் வரை போயிருக்கின்றன. அவர் அமைத்த எளியமுறை உடற்பயிற்சியின் கடைசிப் பகுதியில், மல்லாந்து படுத்து உடலின் ஒவ்வொரு பகுதியாக நினைத்துத் தளர்த்துவது, கபாட்-ஜின்னின் முறைக்கு மிக அருகில் வருகிறது. பெங்களூரில் விவேகானந்த யோகப் பல்கலைக்கழகத்தார் 80 முதுகுவலிக்காரர்களிடம் ஒரு வாரத் தங்குமுகாமாக யோகப் பயிற்சி கொடுத்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் உடற்பயிற்சி செய்தவர்களைவிட யோகம் செய்தவர்களுக்கு இயலாமை நன்கு குறைந்தது. ஆனால் சம்மணமிட்டு நிமிர்ந்து உட்காரச் சொல்லிவிடக் கூடாது. தேய்ந்த முட்டிக்கு அதுவே தண்டனை. திண்ணையில் காலைத் தொங்கவிட்டோ, பாயில் மல்லாந்து முழங்காலுக்கடியில் தலையணை வைத்தோ செய்யலாம். தூக்கம் வந்தால் தூங்கட்டும்; வலியில் தூக்கமிழந்த உடலுக்கு அதுவும் கணக்கில் சேரும். நடவு, களை, அறுப்பு நாட்களில் வகுப்பு வைத்தால் ஒருவரும் வர மாட்டார்கள். தை அறுப்பு முடிந்து மேட்டூர் திறக்கும் வரை உள்ள மாதங்களில் எட்டு வாரம் தாராளமாகக் கிடைக்கும்.

முதல் வகுப்பில் பத்துக்கு எவ்வளவு என்ற கேள்வியை எடுத்துவிடலாம். செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப எங்கம்மா இருக்கு, எப்படி இருக்கு?" என்று கேட்டு, சொல்வதை அந்தச் சொல்லிலேயே எழுதிக்கொள்ளட்டும். குடைச்சல் என்றால் குடைச்சல் என்றே. எட்டு வாரம் கழித்து அந்தத் தாளை எடுத்து வாசித்துக்காட்டி மறுபடி கேட்கட்டும். அதற்குப் பிறகு இன்னொரு கேள்வி, இதுவரை எந்த மருத்துவரும் அவரிடம் கேட்டிராதது: "வலி இல்லாத எடம் எங்கயாச்சும் இருக்கா, பார்த்துச் சொல்லுங்கம்மா." கண்ணை மூடித் தேடுவார். உள்ளங்கை என்பார், அல்லது காது மடல், அல்லது நெற்றி. எழுதிக்கொள்ள வேண்டியது அதையும்தான்.